சலாமிஸை வென்ற துடுப்புக்காரர்கள்: கிரேக்க-பாரசீகப் போர் கேள்வி பதில்

கல்லூரி மாணவர்: ஐயா, தெர்மோபைலேயில் வெறும் 300 ஸ்பார்ட்டா வீரர்கள்தான் பாரசீகப் படையைத் தடுத்தார்களா?

இல்லை, தம்பி. கி.மு. 480இல் அந்தக் கணவாயைக் காக்கத் திரண்ட கிரேக்கர்கள் ஏறத்தாழ 7,000 பேர். எஃபியால்டிஸ் என்ற உள்ளூர்க்காரன் மலைப்பாதையைக் காட்டிக்கொடுத்த பிறகு ஸ்பார்ட்டா அரசர் லியோனிடாஸ் பெரும்பாலானவர்களைத் திருப்பி அனுப்பினார். கடைசி நாளில் தெஸ்பியே நகரத்தார் 700 பேர் தாமாகவே முன்வந்து ஸ்பார்ட்டா வீரர்களோடு நின்று மடிந்தார்கள். அந்தச் சிற்றூரின் பெயரை இன்று யாரும் சொல்வதில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

பள்ளி ஆசிரியை: மாரத்தானில் ஏதென்ஸ் வென்றது எப்படி?

பாரசீகர்களின் பலம் வில்லும் குதிரையும். கிரேக்கர்களிடம் வெண்கலக் கவசமும் பெரிய வட்டக் கேடயமும் நீண்ட ஈட்டியும் இருந்தன. கி.மு. 490இல் அவர்கள் அம்பு மழைக்குள் ஓடியே போய் மோதினார்கள். கைகலப்பு என்று வந்துவிட்டால் பிரம்புக் கேடயம் ஈட்டிக்கு ஈடுகொடுக்காது. நடு அணி மெலிந்திருந்ததால் பின்வாங்கியது. வலுவான இரு பக்க அணிகளும் வென்று, உள்நோக்கித் திரும்பி எதிரியை நெருக்கின. மாண்ட ஏதென்ஸ்காரர்கள் 192 பேர். அவர்களைப் புதைத்த மேடு இன்றும் அங்கே இருக்கிறது.

வாசகர் ஒருவர்: பாரசீகப் பேரரசர் செர்க்ஸீஸின் தரைப்படை 17 லட்சம் என்கிறார்களே?

பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் தரும் கணக்கு அது. அத்தனை பேருக்குத் தண்ணீரும் தானியமும் எங்கிருந்து கிடைக்கும்? நான் அதை நம்பவில்லை.

இன்னொரு வாசகர்: போரின் போக்கை மாற்றியது எது?

தயங்காமல் சொல்கிறேன்: ஏதென்ஸுக்கு அருகே சலாமிஸ் தீவையொட்டி நடந்த கடற்போர். ஏதென்ஸுக்குச் சொந்தமான லாரியோன் சுரங்கத்தில் வெள்ளி கிடைத்தபோது அதை ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கிட்டுக்கொள்ளத்தான் ஏதென்ஸ் மக்கள் நினைத்தார்கள். கப்பல் கட்டுவோம் என்று வாதாடி அவர்களை இணங்கவைத்தவர் ஏதென்ஸ் தலைவர் தெமிஸ்டோக்கிளிஸ். கி.மு. 480இல் அந்தக் கப்பல்களே நாட்டைக் காத்தன.

ஒரு கப்பலில் மூன்று அடுக்குகளில் 170 துடுப்புக்காரர்கள். ஆளுக்கு ஒரு துடுப்பு, உட்கார ஒரு மெத்தை, துடுப்பைப் பிணைக்க ஒரு வார். கீழ் அடுக்கில் இருந்தவனுக்குக் கடலும் தெரியாது, எதிரியும் தெரியாது. குழலிசையின் தாளமும் மேலடுக்கு ஆட்களின் வியர்வையும்தான் அவனை எட்டும். கவசம் வாங்க வசதியில்லாத ஏழைக் குடிமக்களே இவர்களில் பெரும்பாலோர்.

கிரேக்கர்கள் தப்பி ஓடப்போகிறார்கள் என்று தெமிஸ்டோக்கிளிஸ் தன் அடிமை சிக்கினஸ் மூலம் பாரசீகர்களுக்குப் பொய்ச்செய்தி அனுப்பினார். அதை நம்பிய பாரசீகக் கடற்படை இரவெல்லாம் துடுப்புப் போட்டு நீரிணையை அடைத்து நின்றது. விடிந்தபோது அவர்கள் களைத்திருந்தார்கள். குறுகிய நீரில் முன்கப்பல்கள் திரும்ப முயல, பின்கப்பல்கள் முன்னேறி வந்து அவற்றின்மீதே மோதின. கரைச் சரிவில் அமர்ந்து செர்க்ஸீஸ் அத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன்பின் ஏதென்ஸ் சபையில் ஏழைகளின் குரல் ஓங்கியதற்கு இந்தத் துடுப்புகளே காரணம் என்பது என் உறுதியான கருத்து. நகரத்தைக் காத்தவனை வாயை மூடு என்று யாரால் சொல்ல முடியும்?

கல்லூரி மாணவி: பாரசீகப் படையில் இந்தியர்கள் இருந்தார்களா?

இருந்தார்கள். சிந்துவெளிப் பகுதி அப்போது பாரசீகத்தின் ஆட்சியில் இருந்தது. பருத்தி உடை, நாணல் வில், இரும்புமுனை அம்பு என்று ஹெரோடோட்டஸ் அவர்களை விவரிக்கிறார். செர்க்ஸீஸ் ஊர் திரும்பிய பிறகும் தளபதி மார்டோனியஸ் அவர்களைத் தன்னுடன் வைத்துக்கொண்டார். கி.மு. 479இல் பிளாட்டியா களத்திலும் அவர்கள் அணிவகுத்து நின்றார்கள்.