சுருட்டுப் பெட்டியின் மூடி சரியாக அமர்கிறதா? கேள்வி பதில்

முத்தியால்பேட்டையில் 30 ஆண்டுகளாகச் சின்னப் பெட்டிகள் செய்கிறேன். நகைப்பெட்டி, ஆர்மோனியப் பெட்டி, பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தாக்கள் வீட்டுச் சுருட்டுப் பெட்டி என்று எல்லாம் பழுதுபார்க்க வரும். நம் குழுவினர் இந்த வாரம் அனுப்பிய கேள்விகள் ஹியூமிடர், அதாவது சுருட்டை அளவான ஈரப்பதத்தில் வைக்கும் பெட்டியின் மூடியைப் பற்றியவை. முதலில் ஒரு வேண்டுகோள்: பெட்டியின் உட்புறத்தை ஈரத்துணியால் துடைக்காதீர்கள்.

நெல்லித்தோப்பு உறுப்பினர்: மாமா பாரிசில் இருந்து கொண்டுவந்த பெட்டி, அண்ணா. மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

முதல் சோதனை காதுக்கு. மூடியை நான்கு விரற்கடை தூக்கி மெல்ல விடுங்கள். நல்ல பெட்டியில் கடைசி விரற்கடைத் தூரம் மூடி தயங்கித் தயங்கி இறங்கும். உள்ளே அகப்பட்ட காற்று மெல்லிய மூச்சாக வெளியேறுவது கேட்கும். 'டப்' என்று விழுந்தால் எங்கோ வழி இருக்கிறது.

எங்கே என்று தெரிய, கடை ரசீது போன்ற மெல்லிய தாளை விரல் அகலத்துக்கு வெட்டி, விளிம்பில் வைத்து மூடி, இரண்டு விரலால் இழுங்கள். நான்கு பக்கமும் இரண்டு அங்குலத்துக்கு ஒரு முறை. தாள் தடையில்லாமல் வழுக்கி வரும் இடத்தில் பென்சில் குறி போடுங்கள். பலரும் செல்போன் விளக்கை உள்ளே எரியவிட்டு இருட்டில் பார்ப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். உள்பலகை விளிம்புக்கு மேல் நாக்கு போல நீண்டிருக்கும் பெட்டியில் அந்த நாக்கே வெளிச்சத்தை மறைத்துவிடும். தாளைத்தான் நம்புங்கள்.

வில்லியனூர் உறுப்பினர்: ஈரப்பதம் காட்டும் ஹைக்ரோமீட்டர் 58 சதவீதத்துக்கு மேல் ஏறவில்லை. பெட்டி கசிகிறதா?

மீட்டர் சரியா என்று முதலில் பாருங்கள். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டுச் சில துளி நீர் விடுங்கள். உப்பு கரையக் கூடாது, ஈர மணல் போல இருக்க வேண்டும். அதையும் மீட்டரையும் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு ஒரு நாள் விட்டுவிடுங்கள். பைக்குள் ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். 20 டிகிரியானாலும் 30 டிகிரியானாலும் இந்த எண் அநேகமாக மாறாது. மீட்டர் 70 என்று காட்டினால் 5 குறைத்துக் காட்டுகிறது என்று பொருள்.

மீட்டர் சரியாக இருந்தால் அடுத்து மரம். ஏசி கடையில் மாதக்கணக்கில் காய்ந்த பெட்டி, நீங்கள் வைக்கும் ஈரத்தை எல்லாம் தானே குடித்துவிடும். ஈரப்பதத்தை 84 சதவீதத்தில் நிறுத்தும் பொட்டலம் ஒன்றை உள்ளே வைத்து இரண்டு வாரம் திறக்காமல் விடுங்கள். உள்பலகை ஈரம் வாங்கி உப்பும்போது பல பெட்டிகளில் இடைவெளி தானாகவே அடைபடும். அதுவரை விளிம்பைத் தேய்க்க உப்புத்தாளைத் தொடாதீர்கள். அவசரப்பட்டு ஈரத்துணியால் துடைத்தாலோ பலகை நெளியும், மூட்டு விடும்.

லாஸ்பேட்டை உறுப்பினர்: கடற்கரை ஊரில் காற்றே ஈரம். இங்கே இறுக்கமான மூடி எதற்கு, ஐயா?

இங்கேதான் அதிகம் வேண்டும், தம்பி. குளிர்நாட்டுப் பெட்டியில் ஈரம் வெளியே போகும். நம் ஊரில் உள்ளே வரும். 30 டிகிரிக் காற்று ஒரு கனமீட்டரில் ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத் தாங்கும். 80 சதவீதம் என்றால் 24 கிராம். உங்கள் ஏசி அறை 24 டிகிரி என்று வையுங்கள். அங்கே காற்று முழுதாகத் தாங்குவதே 22 கிராமுக்குள். 70 சதவீதத்தில் இருக்க வேண்டிய பெட்டிக்கு 15 கிராம் போதும். ஐப்பசியில் சன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு மூடியையும் திறந்தால் என்ன புகும் என்று பாருங்கள். பூஞ்சை வருவது இப்படித்தான். 65 சதவீத இருவழிப் பொட்டலம் வையுங்கள். அது தரவும் செய்யும், உறிஞ்சவும் செய்யும்.

அரியாங்குப்பம் உறுப்பினர்: பின்பக்கம் தாள் இறுகுகிறது, முன்பக்கம் வழுக்குகிறது. என்ன செய்வது?

இது கீலின் கோளாறு. கீல் பதித்த குழி ஆழமாகிவிட்டால் மூடி பின்னால் முதலில் முட்டி, முன்னால் தூக்கி நிற்கும். கீலைக் கழற்றி, அதன் அடியில் பழைய அஞ்சலட்டையில் வெட்டிய துண்டை வைத்து மறுபடி முடுக்குங்கள். திருகுத் துளை தளர்ந்திருந்தால் பசை தடவிய தீக்குச்சியைச் செருகி, காய்ந்த பின் முடுக்குங்கள்.

அப்படியும் வழுக்கினால், கீழ் விளிம்பில் நீலச் சாக்குக்கட்டி தேய்த்து மூடித் திறங்கள். மூடியில் நீலம் ஒட்டாத இடம்தான் பள்ளம். சுருட்டுகளுக்கு இடையே அட்டை போல மெல்லிய சீடர் மரத் தாள் வருகிறதே, அதில் ஒரு கீற்று வெட்டி நாக்கின் வெளிப்பக்கத்தில், அந்தப் பள்ளத்துக்கு நேராக ஒட்டுங்கள். பசை மிக மெல்லியதாக. இரண்டு நாள் மூடி திறந்தே இருக்கட்டும்.

மேட்டைத் தேய்ப்பது கடைசி வழி, அதுவும் மழைக்காலத்தில் வேண்டாம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்த பிறகு, மூடி திறக்க முடியாமல் இறுகிவிட்டது என்று ஒருவர் பெட்டி கொண்டுவந்தார். அவர் அவசரத்துக்கு நான் இழைத்துக் கொடுத்துவிட்டேன். சித்திரையில் மரம் சுருங்கியது. வைத்த தாள் தானாகக் கீழே விழுந்தது. அந்த வேலையை நினைத்தால் இன்றும் மனம் வருந்துகிறது. மூடியை மறுபடி செய்து கொடுத்தேன்.

கடலூர் முதுநகர் உறுப்பினர்: இவ்வளவு பாடு எதற்கு? ஃபிரிட்ஜ் கதவு ரப்பரை வெட்டி ஒட்டினால் முடிந்தது.

வேண்டாம். ரப்பர் வாசனையைப் புகையிலை பிடித்துக்கொள்ளும், பிறகு விடாது. ரப்பரின் கனம் மூடியைத் தூக்கும், கீல் இழுபடும்.

அவரே: மெல்லிய சிலிக்கான் தடவுகிறேன். அது வாசனை வராதே?

காயும்போது காடி நெடி அடிக்கும் வகைதான் கடைகளில் அதிகம். வெளிமூட்டில் விரிசல் இருந்தால் தடவி, நெடி முழுதும் போகும்வரை வெயிலில் வையுங்கள். உள்ளே கூடாது.

திருப்பாதிரிப்புலியூர் உறுப்பினர்: முதுநகர் அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான் ரப்பர் வளையம் உள்ள பிளாஸ்டிக் டப்பாவில் ஓராண்டாக வைத்திருக்கிறேன். பூஞ்சை இல்லை.

இதை மறுக்க மாட்டேன். வாசனையற்ற நல்ல டப்பாவின் மூடிக்கு எந்த மரப்பெட்டியும் ஈடில்லை. அந்த டப்பா ரப்பருக்காகவே அளவெடுத்துச் செய்தது. மரப்பெட்டி மரத்தின் மேல் மரம் அமரச் செய்தது. அதில் ரப்பரைத் திணிப்பதைத்தான் எதிர்க்கிறேன். டப்பாவில் ஒரு சீடர் பலகையும் போட்டுவையுங்கள்.

முதுநகர் உறுப்பினர் மீண்டும்: அப்படியானால் சீடர் மட்டும் என்ன உயர்வு? தேக்கு போதாதா?

தேக்கில் எண்ணெய்ப்பசையும் அதற்கே உரிய வாடையும் உண்டு. ஸ்பானிஷ் சீடர் பெயரளவில்தான் சீடர். உண்மையில் அது மத்திய, தென் அமெரிக்க மரம். நம் வேம்பின் குடும்பம். நம் மலைகளில் வளரும் சந்தன வேம்பு அதற்கு நெருங்கிய உறவு. அதையும் ஒரு காலத்தில் அதே பேரினத்தில் சேர்த்திருந்தார்கள். நன்கு காய்ந்த சந்தன வேம்பில் ஒரு பெட்டி செய்திருக்கிறேன். மூடி இன்றும் தயங்கித்தான் இறங்குகிறது. ரப்பர் வாங்கும் காசுக்கு அதில் ஒரு துண்டு வாங்கி வாருங்கள், விளிம்பை நானே ஒட்டித் தருகிறேன்.

காரைக்கால் உறுப்பினர்: மீட்டர் 60 காட்டுகிறது. கசிகிறதா?

வில்லியனூர்க்காரருக்குச் சொன்ன உப்புச் சோதனையைச் செய்யுங்கள்.

பாகூர் உறுப்பினர்: எவ்வளவு சுருட்டுக்குச் சுங்க வரி இல்லாமல் கொண்டுவரலாம்?

சுங்கத் துறையிடம் கேளுங்கள்.

உழவர்கரை உறுப்பினர்: சுருட்டில் குண்டூசி முனை அளவில் துளைகள். மூடி வழியாகப் பூச்சி வந்ததா?

பெரும்பாலும் முட்டையாகச் சுருட்டுக்குள்ளேயே வந்திருக்கும், வெப்பத்தில் பொரிந்தது. மஞ்சள், மல்லி டப்பாக்களிலும் இதே வண்டு வரும், அவற்றையும் பாருங்கள். சுருட்டுகளைப் பையில் கட்டி உறைபெட்டியில் மூன்று நாள், பிறகு ஃபிரிட்ஜில் ஒரு நாள், அதன் பின் வெளியே. காலிப் பெட்டியைத் தூசி போகத் தட்டி, காய்ந்த தூரிகையால் மூலைகளைக் கூட்டுங்கள்.

முத்தியால்பேட்டை உறுப்பினர்: பூஞ்சையை ஈரத்துணியால் துடைத்தேன். இப்போது மூடி ஒரு மூலையில் தூக்கி நிற்கிறது.

பெட்டியை எடுத்துக்கொண்டு நாளைக் காலை பட்டறைக்கு வாருங்கள்.