இன்காக்களின் ‘மிதா’ முறை என்றால் என்ன? ஸ்பானியர் காலத்தில் மக்கள் அதை ஏன் வெறுத்தார்கள்?

குடும்பங்கள் முறை வைத்து அரசுக்கு உழைப்பைத் தருவதுதான் மிதா. ஸ்பானியர் வருவதற்கு முன் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப்பகுதியை ஆண்ட இன்காக்களிடம் நாணயம் கிடையாது. அதனால் வரியை வேலையாகவே வாங்கினார்கள். சாலை போடுவது, பாலம் கட்டுவது, அரசு நிலத்தில் பயிர் செய்வது என்று. அந்த நாட்களில் சாப்பாடும் சோளக் கள்ளும் அரசின் பொறுப்பு.

வீட்டில் ஆளுக்கொரு நாள் சமைக்கிறோம், எல்லோரும் சாப்பிடுகிறோம். வெளியாள் ஒருவர் வந்து, அதே முறைப்படி தன் ஹோட்டலுக்குச் சமைக்கச் சொன்னால்? ஸ்பானியர் செய்தது அதைத்தான்.

1545இல் இன்றைய பொலிவியாவின் பொட்டோசி மலையில் வெள்ளி கிடைத்தது. 1570களில் வைசிராய் டொலேடோ, பல மாகாணங்களின் ஆண்களில் ஏழில் ஒருவர் ஆண்டுதோறும் அங்கே வேலைக்கு வர வேண்டும் என்றார். கட்டைவிரலில் மெழுகுவத்தியைக் கட்டிக்கொண்டு, முதுகில் தாதுச் சுமையோடு, தோல் ஏணியில் இருட்டுக்குள் ஏறினார்கள். கூலி உண்டு, வயிற்றுக்கே போதாது. பலர் ஊரைவிட்டு ஓடினார்கள். அப்புறம் அவர்கள் பங்கும் மிச்சமிருந்தவர்கள் தலையில்தான் விழுந்தது. எனக்கு மிகக் கொடுமையாகப் படுவது இதுதான்.

1780இல் பெருவில் கிளர்ந்தெழுந்த இரண்டாம் துபாக் அமரு, மிதாவை ஒழிக்கக் கோரினார். 1781இல் குஸ்கோவில் கொல்லப்பட்டார். 1812இல்தான் அது சட்டப்படி ஒழிந்தது.

இவரைக் கடைசி இன்கா அரசர் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த துபாக் அமரு வேறு. டொலேடோவின் உத்தரவில் 1572லேயே தலை வெட்டப்பட்டவர்.