சென்சார் ஆஃப்லைன், மோட்டார் ஆன்லைன்: ஸ்மார்ட் வீட்டுக் கேள்வி பதில்

ஹோம் அசிஸ்டென்ட் (வீட்டுச் சாதனங்களை ஒரே இடத்திலிருந்து இயக்கும் மென்பொருள்), ஜிக்பீ (சென்சார், பல்பு போன்றவை பேசிக்கொள்ளும் ரேடியோ முறை), வைஃபை சாதனங்கள் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில். கேட்கும்போது மூன்று விஷயங்களைச் சொல்லிவிடுங்கள்: எந்தக் கணினியில் ஓடுகிறது, ஜிக்பீ டாங்கிள் (யூஎஸ்பியில் சொருகும் ரேடியோ) எங்கே சொருகியிருக்கிறது, கோளாறு வருவதற்கு முன் கடைசியாக எதை மாற்றினீர்கள்.

கேள்வி (மதுரை): ராஸ்பெர்ரி பை 4 (சின்ன கணினி), எஸ்எஸ்டி, சோனாஃப் டாங்கிள், ஜிக்பீ2எம்க்யூடிடி (ஜிக்பீயை ஹோம் அசிஸ்டென்டோடு இணைக்கும் மென்பொருள்). அகாரா கதவு சென்சார் ஐந்து இருக்கு. ரெண்டு நாளைக்கு ஒரு தடவை ஒண்ணு ரெண்டு ஆஃப்லைன் ஆகுது. பேட்டரி புதுசு. எல்லாத்தையும் அழிச்சு மறுபடி இன்ஸ்டால் பண்ணியும் அதேதான். என்ன சார் செய்யலாம்?

பதில்: மறுபடி இன்ஸ்டால் செய்யவே வேண்டாம். மென்பொருள் மேல் தப்பில்லை, கோளாறு காற்றில் இருக்கிறது.

பை 4-இல் நீல நிற போர்ட் இரண்டும் யூஎஸ்பி 3.0. அதில் எஸ்எஸ்டி ஓடும்போது கேபிளிலிருந்தும் கனெக்டரிலிருந்தும் கசியும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில்தான் விழுகிறது. 2012-லேயே இன்டெல் இதை அளந்து அறிக்கையாக வெளியிட்டது. ஜிக்பீ பேசுவதும் அதே பட்டையில்தான். பின்கட்டுக் கதவிலிருந்து வரும் மெலிந்த சிக்னல், இரண்டு அங்குலத்தில் இரையும் எஸ்எஸ்டிக்குப் பக்கத்தில் காதில் விழாது.

முதல் வேலை: டாங்கிளைப் பிடுங்கி, ஒன்று அல்லது ஒன்றரை மீட்டர் யூஎஸ்பி 2.0 எக்ஸ்டென்ஷன் கேபிளில் மாட்டி, கறுப்பு போர்ட்டில் சொருகுங்கள். டாங்கிள் எஸ்எஸ்டி, ரவுட்டர் இரண்டையும் விட்டு விலகி, ஆன்டெனா செங்குத்தாக நிற்கட்டும். டிவி யூனிட்டுக்குப் பின்னாலும் இரும்பு பீரோ மேலும் வைக்காதீர்கள். மாற்றுவதற்கு முன்பும் பின்பும் ஒவ்வொரு சென்சாரின் எல்க்யூஐ (சிக்னல் தரம்) எண்ணை எழுதி வையுங்கள். பலன் அதிலேயே தெரியும்.

இரண்டாவது, சேனல். ஜிக்பீ2எம்க்யூடிடி நாமாக மாற்றாதவரை 11-ஆம் சேனலில் இருக்கும். அது 2405 மெகாஹெர்ட்ஸ், வைஃபை 1-ஆம் சேனலின் அடிவயிற்றில் வருகிறது. வைஃபை 1, 6, 11 ஆகிய மூன்றுக்கும் இடையில் ஜிக்பீக்குக் கிடைக்கும் சந்துகள் 15, 20, 25. உங்கள் வைஃபை 1-இல் இருந்தால் ஜிக்பீயை 25-க்குக் கொண்டுபோங்கள். 26 இன்னும் காலியாகத் தெரியும், ஆனால் சில சாதனங்கள் அதில் குறைந்த சக்தியில்தான் பேசும், சில வரவே வராது. ரவுட்டரில் 2.4-இன் சேனல் அகலம் 40 மெகாஹெர்ட்ஸ் என்று இருந்தால் 20 ஆக்குங்கள். 40-இல் விட்டால் சந்துகள் பெரும்பாலும் அடைபட்டுவிடும். சேனல் மாற்றியபின் பேட்டரி சென்சார் சில தானாக வராது, மீண்டும் பேர் செய்ய (இணைக்க) வேண்டியிருக்கும். அதனால் கேபிளை மாற்றி ஒரு வாரம் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் மட்டும் சேனலில் கை வையுங்கள்.

மூன்றாவது, வழியில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். பேட்டரி சென்சார் அடுத்தவருடைய செய்தியைக் கடத்தாது. மின்சாரத்தில் நேரடியாக ஓடும் ஜிக்பீ பிளக், ஸ்விட்ச் மாட்யூல் போன்றவைதான் ஜிக்பீயில் ரவுட்டர் வேலை செய்யும், அதாவது செய்தியைக் கடத்தும் (வைஃபை ரவுட்டர் வேறு). பழைய அகாரா சென்சார்கள் ஒரு ரவுட்டரைப் பிடித்தால் அதையே கட்டிக்கொண்டிருக்கும். அது போய்விட்டால் இன்னொன்றைத் தேடுவதில் மந்தம். ஹாலுக்கும் பின்கட்டுக்கும் நடுவில் எப்போதும் ஆனில் இருக்கும் பிளக் ஒன்று வையுங்கள்.

கேள்வி (கோவை): ராத்திரி 3 மணிக்கு கரண்ட் போய் வந்தா வீட்டில் இருக்கிற எல்லா ஸ்மார்ட் பல்பும் பளிச்சென்று எரியுது. குழந்தை எழுந்துடுது.

பதில்: பல்புக்குக் கரண்ட் வந்ததும், ஸ்விட்சைப் போட்டார்கள் என்றுதான் புரியும். ஜிக்பீ2எம்க்யூடிடியில் அந்த பல்பின் பக்கத்தைத் திறந்து 'பவர் ஆன் பிஹேவியர்' என்பதை 'ஆஃப்' அல்லது 'ப்ரீவியஸ்' ஆக்குங்கள். அந்த வசதியே இல்லாத மலிவு பல்பு என்றால், ரவுட்டரும் ஹோம் அசிஸ்டென்ட் கணினியும் யூபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். அப்போதுதான் பல்பு திரும்ப வந்ததை உடனே கவனித்து அணைக்க ஆட்டோமேஷன் உயிரோடு இருக்கும்.

கேள்வி (சேலம்): புது வைஃபை பிளக் ஆப்பில் இணையவே மாட்டேங்குது.

பதில்: பிளக்குக்கு 2.4 மட்டும்தான் தெரியும். 2.4-க்கும் 5-க்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் பேர் செய்யும்வரை 5-ஐ அணையுங்கள். பாதுகாப்பு 'டபிள்யூபிஏ3 மட்டும்' என்று இருந்தால் டபிள்யூபிஏ2-க்கு இறக்குங்கள். கெஸ்ட் நெட்வொர்க்கில் முயல வேண்டாம்.

கேள்வி (ஈரோடு): எனக்கும் ஜிக்பீ சென்சார் அடிக்கடி ஆஃப்லைன். மினி பிசி, டாங்கிள் பின்னாடி சொருகியிருக்கு.

பதில்: மதுரைக்காரருக்குச் சொன்ன முதல் வேலை. கேபிள்.

கேள்வி (தாம்பரம்): பாத்ரூம் லைட் ஆட்டோமேஷன்: அசைவு தெரிந்தால் போடு, 3 நிமிடம் காத்திரு, அணை. குளிச்சிட்டு இருக்கும்போதே அணைஞ்சிடுது.

பதில்: நீங்கள் எழுதியதில் 'மோட்' சிங்கிள் என்று இருக்கும். சிங்கிள் என்றால் ஒரு முறை ஓடத் தொடங்கியபின், நடுவில் வரும் புது அசைவைக் கண்டுகொள்ளாது. முதல் அசைவிலிருந்து 3 நிமிடம் எண்ணி அணைத்துவிடும். 'ரீஸ்டார்ட்' ஆக்கினால் ஒவ்வொரு அசைவிலும் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும்.

இதைவிட நல்ல வழி, இரண்டாகப் பிரிப்பது. சென்சார் ஆஃபிலிருந்து ஆனுக்குப் போனால் விளக்கைப் போடு. ஆஃபாகி 3 நிமிடம் அப்படியே இருந்தால் அணை. 'ஆஃபிலிருந்து' என்பதை விட்டுவிடாதீர்கள். விட்டால் சென்சார் 'அன்அவைலபிள்' (தொடர்பில்லாத) நிலையிலிருந்து திரும்பும்போதும் விளக்கு எரியும். அகாராவின் பழைய மோஷன் சென்சார் ஒரு முறை அசைவைச் சொன்னபின் சுமார் 60 விநாடி வாய் திறக்காது. காத்திருக்கும் நேரத்தை அதற்குக் கீழே வைப்பதில் பயனில்லை.

கேள்வி (திருநெல்வேலி): பையை ரீபூட் செய்தால் டாங்கிள் காணோம் என்கிறது.

பதில்: அமைப்பில் டாங்கிளின் பாதையை 'டிடிஒய்யூஎஸ்பி0' என்று எழுதியிருப்பீர்கள். அந்த எண் ரீபூட்டில் மாறலாம். 'சீரியல் பை-ஐடி' அடைவில் தெரியும் நீளமான முழுப் பாதையை எழுதுங்கள். அது டாங்கிளின் சொந்த அடையாளம், மாறாது. அப்படியே டாங்கிளை எக்ஸ்டென்ஷன் கேபிளிலும் மாட்டிவிடுங்கள்.

கேள்வி (வேளச்சேரி): அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் இசட்-வேவ் ஸ்விட்ச் ஆறு கொடுத்தனுப்பறேன்னு சொல்றார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இசட்-வேவ் ஜிக்பீ போல இன்னொரு ரேடியோ முறை. அங்கே அது பேசுவது 908.42 மெகாஹெர்ட்ஸில், இந்தியாவுக்கு ஒதுக்கியது 865.2. அந்த ஸ்விட்ச் அங்கத்திய 120 வோல்ட்டுக்குச் செய்தது வேறு.

கேள்வி (காஞ்சிபுரம்): சம்ப்பிலிருந்து மொட்டை மாடி டேங்குக்கு 1 எச்பி மோட்டார். இஎஸ்பி32 (வைஃபை உள்ள சின்ன கன்ட்ரோலர் போர்டு), அல்ட்ராசோனிக் சென்சார், 10 ஆம்பியர் ரிலே வைத்து ஈஎஸ்பிஹோம் (அந்த போர்டில் ஓடும் மென்பொருள்) போட்டிருக்கேன். டேங்க் நிரம்பினா அணைக்க ஆட்டோமேஷன் இருக்கு. நடுவில் நடுவில் தானா அணையுது. ஒரு நாள் அணையவே இல்லை, தண்ணி வழிஞ்சு தெருவே ஈரம்.

பதில்: இதில் மூன்று கோளாறு ஒன்றாகக் கலந்திருக்கிறது.

அணையாமல் போனதற்கு முதல் சந்தேகம் ரிலே. 1 எச்பி மோட்டார் ஓடும்போது 6, 7 ஆம்பியர்தான். கிளம்பும் கணத்தில் அது ஐந்தாறு மடங்கு ஏறும். அந்த அடியில் சின்ன ரிலேயின் முனைகள் பற்றவைத்தது போல ஒட்டிக்கொள்ளும். அதன்பின் இஎஸ்பி 'ஆஃப்' என்று சொல்லும், திரையிலும் ஆஃப் என்று காட்டும், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். மோட்டாரைக் காண்டாக்டரில் (பெரிய கரண்ட்டைத் தாங்கும் ரிலே) போடுங்கள். ரிலே காண்டாக்டரின் காயிலை மட்டும் இயக்கட்டும். காயிலுக்குக் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 கெப்பாசிட்டரும் 100 ஓம் ரெசிஸ்டரும் தொடராக இணைத்த ஸ்னப்பர் தேவை. இல்லாவிட்டால் காயில் விடும்போது வரும் துள்ளலில் இஎஸ்பி ரீசெட் ஆகும்.

தானாக அணைவதற்கு முதல் சந்தேகம் ஈஎஸ்பிஹோமின் ஒரு இயல்பு. ஹோம் அசிஸ்டென்ட் தொடர்பு 15 நிமிடம் இல்லையென்றால் இஎஸ்பி தன்னைத்தானே ரீபூட் செய்துகொள்ளும். ஏபிஐ (ஹோம் அசிஸ்டென்ட் தொடர்பு) பகுதியிலும் வைஃபை பகுதியிலும் 'ரீபூட் டைம்அவுட்' என்று தனித்தனியாக இருக்கிறது. இரண்டையும் 0 விநாடி ஆக்குங்கள். ரிலேயின் 'ரீஸ்டோர் மோட்' எப்போதும் ஆஃப் என்று இருக்கட்டும். கரண்ட் போய் வந்ததும் மோட்டார் தானாக ஓடக்கூடாது.

மூன்றாவது சென்சார். நீங்கள் வைத்திருப்பது ஜேஎஸ்என் வகை என்றால், 20 முதல் 25 செ.மீ.க்கு உள்ளே அதற்குக் கண் தெரியாது. டேங்க் மூடியிலேயே பொருத்தினால், நிரம்பும் நேரத்தில் தண்ணீர் அந்தக் குருட்டு இடத்துக்குள் வந்து அளவு கன்னாபின்னாவென்று குதிக்கும். சென்சாரின் முகத்தில் ஆவி துளியாக நின்றாலும் இதே நிலைதான். நிரம்பிய மட்டத்துக்கு 30 செ.மீ. மேலே வருமாறு ஒரு பைப் துண்டு வைத்து உயர்த்துங்கள். ஐந்து அளவுகளின் மீடியன் ஃபில்டர் (நடு அளவை மட்டும் எடுப்பது) போடுங்கள். சென்சாரின் எக்கோ பின் 5 வோல்ட் தரும், இஎஸ்பி32 தாங்குவது 3.3. நடுவில் 1 கிலோஓம், 2 கிலோஓம் ரெசிஸ்டர்களால் ஒரு வோல்ட்டேஜ் பிரிப்பான் வையுங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது: அணைக்கும் வேலை ஹோம் அசிஸ்டென்டில் இருக்கக்கூடாது, இஎஸ்பிக்குள்ளேயே இருக்க வேண்டும். ஆன் ஆனதும் 25 நிமிடம் எண்ணி, யார் என்ன சொன்னாலும் அணைத்துவிடும்படி எழுதுங்கள்.

குறுக்கே (பெங்களூர்): இதை நான் ஒத்துக்கமாட்டேன் சார். எல்லா லாஜிக்கும் ஹோம் அசிஸ்டென்டில் ஒரே இடத்தில் இருந்தால்தான் பராமரிக்க முடியும். எனக்கு ஒரு வருஷமா அப்படித்தான் ஓடுது. இஎஸ்பியில் எழுதினால் 25-ஐ 20 ஆக்கக்கூட ஃபிளாஷ் செய்யணும் (மென்பொருளை மறுபடி ஏற்றணும்).

பதில்: விளக்குக்கு நீங்கள் சொல்வது சரி. மோட்டாருக்கு இல்லை. '25 நிமிடம் டிலே, பிறகு ஆஃப்' என்று எழுதிய ஆட்டோமேஷன் நடுவில் ஹோம் அசிஸ்டென்ட் ரீஸ்டார்ட் ஆனால் செத்துப்போகும். திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து எண்ணாது. அப்டேட் பொத்தானை நீங்கள் அழுத்தும் நேரத்தில் மோட்டார் ஓடாது என்று யார் உறுதி தருவார்கள்?

குறுக்கே (பெங்களூர்): டைமர் ஹெல்பரில் 'ரீஸ்டோர்' போட்டால் ரீஸ்டார்ட்டுக்குப் பிறகும் எண்ணுமே?

பதில்: எண்ணும். அதுவரை நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் எண்ணி முடிக்கும் கணத்தில் வைஃபை ரவுட்டர் தொங்கிக்கொண்டிருந்தால் 'ஆஃப்' போய்ச் சேராது. அந்தக் கட்டளையை யாரும் வரிசையில் வைத்திருந்து பிறகு கொடுக்கப் போவதில்லை. அனுப்பினோம் என்பது வேறு, அணைந்தது என்பது வேறு. ஃபிளாஷ் செய்யும் சிரமத்துக்கும் வழி இருக்கிறது. ஈஎஸ்பிஹோமில் 'நம்பர்' என்று ஒரு உறுப்பு வைத்தால், நிமிடத்தை ஹோம் அசிஸ்டென்ட் திரையிலேயே மாற்றலாம். எண்ணுவது மட்டும் இஎஸ்பிக்குள் நடக்கும்.

குறுக்கே (தஞ்சாவூர், எலெக்ட்ரீஷியன்): ரெண்டு பேரும் சொல்றது இருக்கட்டும் சார். டேங்குக்குள் ஒரு ஃப்ளோட் ஸ்விட்ச் தொங்கவிட்டு காயில் லைனில் தொடராகக் கொடுத்தால் முடிஞ்சுது. இஎஸ்பி செத்தாலும் தண்ணி ஏறினா காயில் விட்டுடும்.

பதில்: நான் எழுதியதை விட இது மேல். காஞ்சிபுரம் நண்பரே, முதலில் இதைச் செய்யுங்கள், பிறகு இஎஸ்பி. ஒரே நிபந்தனை: குடிக்கும் தண்ணீருக்குள் 230 வோல்ட் கேபிளை இறக்காதீர்கள். 24 வோல்ட் காயில் உள்ள காண்டாக்டரும் தனி டிரான்ஸ்ஃபார்மரும் வாங்கி, ஃப்ளோட் அந்த 24 வோல்ட்டை மட்டும் வெட்டட்டும். மோட்டார் லைனில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் துண்டிக்கும் ஸ்விட்ச்) இருக்கிறதா என்றும் பாருங்கள்.

குறுக்கே (தஞ்சாவூர்): சரிதான் சார். மேலே ஒண்ணு, சம்ப்பில் ஒண்ணு. கீழே தண்ணி இல்லைன்னாலும் மோட்டார் காயாது.

பதில்: ஆமாம், இரண்டும் தொடராக. பெங்களூர் நண்பருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: இதற்கு மேல் ஹோம் அசிஸ்டென்டில் எந்த லாஜிக் வேண்டுமானாலும் எழுதுங்கள், எனக்கு ஆட்சேபமில்லை.

கேள்வி (ஓசூர்): பிஎல்டிசி ஃபேனுக்கு ஸ்மார்ட் டிம்மர் போடலாமா?

பதில்: கூடாது. உள்ளே இருக்கும் போர்டு கெட்டுவிடும். கரண்ட் எப்போதும் முழுதாக இருக்கட்டும், வேகத்தை ரிமோட்டின் ஐஆர் வழியே மாற்றுங்கள்.

கேள்வி (ஆவடி): வெளியிலிருந்து வீட்டைப் பார்க்க ரவுட்டரில் 8123 (ஹோம் அசிஸ்டென்டின் போர்ட்) திறந்தேன். வேலை செய்யலை.

பதில்: வேலை செய்யாததே நல்லது, அந்த விதியை உடனே நீக்குங்கள். உங்கள் இணைப்பு சிஜிநாட்டுக்கு (பலருக்கு ஒரே பொது முகவரியைப் பகிரும் முறை) பின்னால் இருக்கும். ரவுட்டர் காட்டும் வான் (வெளி இணைய) முகவரி 100.64-லிருந்து 100.127 வரை எதிலாவது தொடங்கினால் அதுதான். டெயில்ஸ்கேல் (விபிஎன் செயலி) போடுங்கள், எந்தப் போர்ட்டும் திறக்க வேண்டாம்.

கேள்வி (விழுப்புரம்): லோக்கல்டூயாவில் (டூயா சாதனங்களை வீட்டுக்குள்ளேயே ஹோம் அசிஸ்டென்டோடு இணைப்பது) பிளக் திடீரென்று வேலை செய்யலை.

பதில்: ஆப்பில் மறுபடி பேர் செய்திருப்பீர்கள். பேர் செய்தால் லோக்கல் கீ (சாதனத்தோடு பேசத் தேவையான ரகசியச் சாவி) மாறும். புதிதாக எடுத்துப் போடுங்கள். அப்படியே ரவுட்டரில் அதன் ஐபியை நிலைப்படுத்துங்கள்.

கேள்வி (பல்லாவரம்): ஜிக்பீ சென்சார் ஆஃப்லைன் ஆகுதுங்க. டாங்கிள் கேபிளில்தான் இருக்கு.

பதில்: கேபிள் போட்டிருப்பதாகச் சொன்ன முதல் ஆள் நீங்கள், நன்றி. அப்படியானால் வீட்டில் ஜிக்பீ பல்பு இருக்கிறதா, சுவர் ஸ்விட்சில் யாராவது அணைக்கிறார்களா என்று பாருங்கள். பல்பும் ஜிக்பீ ரவுட்டர்தான். அதை அணைத்தால் அதன் வழியே பேசிய சென்சார்கள் நடுத்தெருவில் நிற்கும். பல்புக்குப் பதிலாகச் சுவர் ஸ்விட்சுக்குப் பின்னால் ஜிக்பீ மாட்யூல் வையுங்கள். நம் ஊர் ஸ்விட்ச் போர்டில் பிளக் பாயின்டும் சேர்ந்தே இருப்பதால் மாட்யூலுக்கு வேண்டிய நியூட்ரல் பெரும்பாலும் உள்ளேயே கிடைக்கும். கையால் போட்டாலும் விளக்கு எரியும், ரவுட்டரும் உயிரோடு இருக்கும்.

கேள்வி (மதுரை, மறுபடி): கேபிள் போட்டாச்சு சார். எல்க்யூஐ 40-இல் இருந்தது 110 வந்திருக்கு. பின்கட்டு சென்சார் மட்டும் நடுவில் வைத்த பிளக் வழியா போகாம இன்னும் நேரா டாங்கிளையே பிடிச்சிருக்கு.

பதில்: 110-இல் அறுபடாமல் இருந்தால் விட்டுவிடுங்கள். நெட்வொர்க் வரைபடம் அழகாக இருக்க வேண்டும் என்பதற்காக நகர்த்த வேண்டாம். மறுபடி அறுந்தால், 'பர்மிட் ஜாயின்' (சாதனம் சேர அனுமதிக்கும்) பட்டியலில் 'எல்லோரும்' என்பதற்குப் பதில் அந்த பிளக்கை மட்டும் தேர்ந்தெடுத்து, சென்சாரின் பொத்தானை 5 விநாடி அழுத்திப் பேர் செய்யுங்கள். பழைய பதிவை அழிக்காதீர்கள், பெயரும் ஆட்டோமேஷனும் அப்படியே இருக்கும்.