முதலிடம் நழுவினாலும் ரெண்டாவதை விடாதே: ஸ்காட்டிஷ் சாம்பியன்ஷிப் கேள்வி பதில்

ஸ்காட்லாந்து கால்பந்தின் ரெண்டாம் அடுக்கான சாம்பியன்ஷிப்பில் யார் மேலே போவார்கள், எப்படிப் போவார்கள் என்பது பற்றி வந்த கேள்விகளும் பதில்களும் கீழே. மேலே 12 கிளப் கொண்ட பிரீமியர்ஷிப், கீழே லீக் ஒன், லீக் டூ. இந்தப் பெயர்களோடு இந்த அமைப்பு 2013ல் வந்தது. பழைய கணக்குகளையும் அந்த ஆண்டிலிருந்தே எடுத்திருக்கிறேன்.

சும்மாபார்ப்பவன்: அண்ணா, இங்கிலீஷ் லீக் மட்டும்தான் தெரியும். இங்கே எத்தனை டீம் மேலே போகும்? ஒண்ணா, ரெண்டா, மூணா?

ஒண்ணு நிச்சயம், இன்னொண்ணு சண்டை போட்டு வாங்கணும் தம்பி. சாம்பியன்ஷிப்பில் 10 கிளப். ஒவ்வொரு எதிரியையும் நாலு தடவை சந்திக்கணும், ரெண்டு சொந்த மண்ணில், ரெண்டு வெளியில். ஆக 36 ஆட்டம். முதலிடம் நேராக மேலே, பிரீமியர்ஷிப்பில் 12வது நேராகக் கீழே.

மிச்சம் ப்ளே-ஆஃப். மூணாவதும் நாலாவதும் முதலில் மோதும். ஜெயித்தவர் ரெண்டாவதோடு, அதில் ஜெயித்தவர் பிரீமியர்ஷிப்பில் 11வதாக வந்தவரோடு. எல்லாமே ரெண்டு ஆட்டக் கணக்கு, ரெண்டிலும் அடித்த கோல்களைக் கூட்டிப் பார்ப்பார்கள். பட்டியலில் கீழே இருப்பவர் மைதானத்தில் முதல் ஆட்டம், மேலே இருப்பவர் மைதானத்தில் ரெண்டாவது.

இப்போ எண்ணிப் பாருங்க. நாலாவதாக வந்த டீம் மேலே போக ஆறு ஆட்டம் ஆடணும், ரெண்டாவதுக்கு நாலு போதும். 11வதாக வந்த பிரீமியர்ஷிப் கிளப்புக்கோ வெறும் ரெண்டே ஆட்டம், அதில் கடைசி அதன் சொந்த வீட்டில். விதியை எழுதியவர்கள் யார் பக்கம் உட்கார்ந்து எழுதினார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மஞ்சள்கார்டு: எங்க டீம் இப்போ நாலாவது. "ப்ளே-ஆஃபுக்குள்ள நுழைஞ்சா போதும், அப்புறம் லாட்டரிதான்" என்கிறார்கள். சரியா?

லாட்டரி என்றால் எல்லா டிக்கெட்டுக்கும் ஒரே வாய்ப்பு இருக்கணுமே. 2014 முதல் 2025 வரை 11 இறுதிகள் நடந்தன (2020ல் கோவிட், நடக்கவில்லை). சாம்பியன்ஷிப் கிளப் ஜெயித்தது நாலே தடவை: 2014ல் ஹாமில்டன், 2018ல் லிவிங்ஸ்டன், 2021ல் டண்டீ, 2025ல் மறுபடி லிவிங்ஸ்டன். இந்த நாலும் அந்தந்த சீசனில் ரெண்டாவதாக முடித்தவை. மூணாவதாகவோ நாலாவதாகவோ வந்து மேலே போன கிளப் ஒண்ணுகூட இல்லை.

இறுதி வரை வந்து தடுக்கி விழுந்தவர்கள் உண்டு. 2015ல் மூணாவதாக வந்த ரேஞ்சர்ஸ், குயின் ஆஃப் தி சவுத்தையும் ஹிப்ஸையும் தாண்டி வந்து, மதர்வெல்லிடம் மொத்தக் கணக்கில் 6-1 என்று அடி வாங்கியது. 2017ல் டண்டீ யுனைடெட், 2022ல் இன்வர்னஸ், ரெண்டும் மூணாவது, ரெண்டும் தோல்வி. நாலாவதாக வந்து இறுதி தொட்டது 2023ன் பார்ட்டிக் திசில் மட்டும்தான்.

அந்த பார்ட்டிக் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். குயின்ஸ் பார்க்கை 8-3, ஏர் யுனைடெட்டை 8-0, ரெண்டுமே மொத்தக் கணக்கு. இறுதியின் முதல் ஆட்டத்தில் ராஸ் கவுண்டியைத் தன் சொந்த மைதானமான ஃபர்ஹில்லில் 2-0. ராஸ் கவுண்டியின் ஊரான டிங்வாலில் இன்னொரு கோல் போட்டு மொத்தம் 3-0. அங்கிருந்து ராஸ் கவுண்டி மூணு கோல் அடித்துச் சமன் செய்து, பெனால்டியில் 5-4 என்று ஜெயித்தது. பார்ட்டிக்குக்கு அது அந்த ப்ளே-ஆஃபில் ஆறாவது ஆட்டம், எதிராளிக்கு ரெண்டாவது. காலில் தெம்பு தீர்ந்தால் முதலில் கெடுவது தற்காப்பு வரிசையின் இடைவெளிதான். கோல் அடிக்கும் திறமை அதற்கு அப்புறம்தான் போகும்.

ஆஃப்சைடு ராணி: அப்போ ரெண்டாவது வந்தா உறுதி என்கிறீர்களா?

இல்லைங்க. மேலே சொன்ன ஏர் அந்த வருஷம் ரெண்டாவதுதான், 8-0 வாங்கியது. 2022ல் ரெண்டாவதாக வந்த ஆர்ப்ரோத், இன்வர்னஸோடு ரெண்டு ஆட்டமும் 0-0 ஆடி பெனால்டியில் போச்சு. 2024ல் ரெய்த் ரோவர்ஸ் 69 புள்ளி எடுத்து ரெண்டாவது, இறுதியில் ராஸ் கவுண்டியிடம் 6-1. ரெண்டாவது இடம் கதவைத் திறந்து விடும், உள்ளே தூக்கிக்கொண்டு போகாது. 11 இறுதியில் ஏழில் ரெண்டாவது இடத்துக் கிளப் இருந்தது, அதில் நாலு ஜெயித்தது. பாதிக்கு மேல். மத்தவர்களுக்கு நாலு இறுதி, நாலும் தோல்வி.

கோல்கிக்: சாம்பியன் ஆக எத்தனை புள்ளி வேணும்? ஒரு எண் சொல்லுங்க சார்.

72 என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆட்டத்துக்கு ரெண்டு வீதம். முழு 36 ஆட்ட சீசன்களில் சாம்பியன்கள் எடுத்தவை: 2014 டண்டீ 69, 2015 ஹார்ட்ஸ் 91, 2016 ரேஞ்சர்ஸ் 81, 2017 ஹிப்ஸ் 71, 2018 செயின்ட் மிர்ரன் 74, 2019 ராஸ் கவுண்டி 71, 2022 கில்மார்னாக் 67, 2023 டண்டீ 63, 2024 டண்டீ யுனைடெட் 75, 2025 ஃபால்கர்க் 73. ஹார்ட்ஸையும் ரேஞ்சர்ஸையும் ஒதுக்கி வையுங்கள், அவை பெரிய கிளப்புகள், தப்பான வகுப்பில் உட்கார்ந்த பையன்கள். மீதியெல்லாம் 63லிருந்து 75க்குள்.

ஆனால் 72 எடுத்தால் நிச்சயம் என்று பேனர் அடித்துவிடாதீர்கள். 2025ல் லிவிங்ஸ்டன் 70 எடுத்தது. 2023ல் எடுத்திருந்தால் ஏழு புள்ளி வித்தியாசத்தில் கோப்பை. 2025ல் ரெண்டாவது. நம்ம எண்ணிக்கை பாதி, பக்கத்து வீட்டுக்காரன் எண்ணிக்கை பாதி.

டிராமன்னன்: சீசன் நடுவில் பட்டியலை எப்படிப் படிக்கணும்? ஜனவரியில் ஒரு டீம் ஆறு புள்ளி முன்னாடி இருந்தால் முடிஞ்சதா?

36ஐ நாலு ஒன்பதாகப் பிரித்துக்கொள்ளுங்கள். 10 கிளப் லீக் என்பதால் ஒன்பது ஆட்டத்துக்கு ஒரு சுற்று. ஒவ்வொரு ஒன்பதிலும் எத்தனை புள்ளி என்று தனியாகக் குறியுங்கள். 18, 18, 18 என்று போகிற டீம் 72க்குப் போகும் வண்டி. 22, 19, 13 என்று போகிற டீமும் அதே 54ல்தான் நிற்கும், ஆனால் அது இறங்கிக்கொண்டிருக்கிறது. பட்டியல் ரெண்டையும் ஒண்ணாகத்தான் காட்டும்.

அடுத்து, போட்டிக் கிளப்போடு இன்னும் எத்தனை சந்திப்பு பாக்கி என்று பாருங்கள். நேரடி ஆட்டம் ஒண்ணு ஆறு புள்ளி புரட்டும்: நமக்கு மூணு வரும், அவனுக்கு மூணு வராமல் போகும். ஆறு முன்னிலை, ரெண்டு நேரடி ஆட்டம் பாக்கி என்றால், அதை முன்னிலை என்றே நான் எண்ண மாட்டேன்.

மூணாவது, "ஆட்டம் குறைவு" என்கிற ஆறுதல். டிசம்பர், ஜனவரியில் மைதானம் உறைந்து ஆட்டங்கள் தள்ளிப்போகும். ரெண்டு ஆட்டம் பாக்கி வைத்திருப்பவனை எல்லாரும் ஆறு புள்ளி கூட்டி எண்ணுகிறார்கள். அது தப்பு. அந்த ஆட்டங்கள் மார்ச் மாதச் செவ்வாய் இரவுகளில் வந்து உட்காரும், சனி, செவ்வாய், சனி என்று. சின்ன ஸ்குவாடுக்கு அங்கேதான் தொடைத்தசை போகும். ஆட்டத்துக்கு ஒன்றரைப் புள்ளி என்று எண்ணுங்கள், ஏமாற மாட்டீர்கள்.

கடைசிநிமிஷம்: புள்ளி சமமானால்? கோல் வித்தியாசம் உண்மையிலேயே முடிவு செய்ததுண்டா?

முதலில் கோல் வித்தியாசம், அதுவும் சமமென்றால் அடித்த கோல். 2014 கடைசி நாளைப் பாருங்கள். டண்டீ 66, ஹாமில்டன் 64. டண்டீ டம்பார்ட்டனோடு டிரா செய்தால் 67, ஹாமில்டன் ஜெயித்தால் அதுவும் 67. ஆனால் கோல் வித்தியாசத்தில் ஹாமில்டன் எட்டு பின்னாடி. ஒரே மதியத்தில் எட்டு கோல் வித்தியாசத்தில் ஜெயிக்கணும், நடக்கிற காரியமா? ஹாமில்டன் மார்ட்டனை 10-2 என்று அடித்தது. எட்டு, துல்லியமாக. டண்டீ அங்கே 2-1 என்று ஜெயித்துவிட்டதால் எல்லாம் வீண். அந்த ஹாமில்டன்தான் பிறகு ப்ளே-ஆஃப் இறுதியில் சொந்த மைதானத்தில் ஹிப்ஸிடம் 2-0 தோற்று, ஈஸ்டர் ரோடு போய் 2-0 திருப்பிக் கொடுத்து, பெனால்டியில் மேலே போனது.

ஒரே ஆட்டம் எவ்வளவு புரட்டும் என்பதற்கு இன்னும் நல்ல உதாரணம் 2023. கடைசி நாள் குயின்ஸ் பார்க்கும் டண்டீயும் நேருக்கு நேர், ஓக்கில்வியூ மைதானத்தில். டண்டீ 60, குயின்ஸ் பார்க் 58. ஜெயித்தால் குயின்ஸ் பார்க் 61, சாம்பியன். டிரா என்றால் 59, ரெண்டாவது. தோற்றது 5-3. ஏரும் 58லேயே முடிக்க, கோல் வித்தியாசத்தில் குயின்ஸ் பார்க் மூணாவது. 90 நிமிடத்துக்கு முன் கோப்பைக் கனவு, அதற்குப் பிறகு பார்ட்டிக்கோடு ப்ளே-ஆஃப் கால் இறுதி. அதுவும் எப்படி முடிந்தது என்று மேலேயே சொல்லியாச்சு.

புல்தரை: ப்ளே-ஆஃபில் வெளி மைதான கோலுக்குக் கூடுதல் மதிப்பு உண்டா?

கிடையாது. எக்ஸ்ட்ரா டைம், அப்புறம் பெனால்டி. 2019 இறுதியில் டண்டீ யுனைடெட், செயின்ட் மிர்ரனோடு சொந்த மண்ணில் 0-0, செயின்ட் மிர்ரனின் ஊரான பெய்ஸ்லியில் 1-1. பழைய ஐரோப்பியக் கோப்பை விதி இருந்திருந்தால் யுனைடெட் மேலே போயிருக்கும். இங்கே பெனால்டிக்குப் போய், எடுத்த நாலையும் யுனைடெட் தவறவிட்டது. 2-0.

வடக்குக்காற்று: ஆர்ப்ரோத் மாதிரி பகுதிநேர கிளப் ஜெயிக்கவே முடியாதா? 2022ல் கிட்டத்தட்ட வந்துட்டாங்களே.

வந்தார்கள். டிக் காம்ப்பெல் பயிற்சியில், பகலில் வேறு வேலை பார்க்கும் ஆட்டக்காரர்களோடு 65 புள்ளி. கில்மார்னாக் 67. கடைசிக்கு முந்தைய ஆட்டத்தில் கில்மார்னாக்கின் மைதானமான ரக்பி பார்க்கில் அந்த ரெண்டும் மோதி, கில்மார்னாக் 2-1 என்று ஜெயித்துக் கோப்பையை முடித்தது.

பகுதிநேர கிளப்புக்கு எது பலம்? ஸ்குவாடு வருஷா வருஷம் கலைவதில்லை, தற்காப்பு ஒண்ணோடொண்ணு பழகியிருக்கும். ஆர்ப்ரோத்தின் கேஃபீல்டில் கடலுக்கும் மைதானத்துக்கும் நடுவில் ஒரு சுவர்தான். காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து எந்தப் பாதியில் உயரப் பந்து, எந்தப் பாதியில் தரைப்பந்து என்பது அவர்களுக்குக் கைவந்த கலை. எது குறை? மேலே சொன்ன செவ்வாய் இரவுதான். வேலை முடித்து பஸ் ஏறி டிங்வாலுக்கோ இன்வர்னஸுக்கோ போய், நள்ளிரவில் திரும்பி, காலையில் மறுபடி வேலை. ரெண்டே வருஷத்தில், 2024ல், ஆர்ப்ரோத் லீக் ஒன்னுக்கு இறங்கியது. 2025ல் அதை ஜெயித்துத் திரும்பியது.

மஞ்சள்கார்டு: மறுபடி நான்தான். லீக் ஒன்னிலிருந்து ஏறுவதும் இதே மாதிரிதானா?

அங்கே நாலாவதுக்கு வாழ்வு உண்டு. சாம்பியன்ஷிப்பில் 9வதாக வந்தவர் இறுதியில் காத்திருக்க மாட்டார், அரை இறுதியிலேயே லீக் ஒன்னின் நாலாவதோடு இறங்கியாகணும். ரெண்டாவதும் மூணாவதும் மறுபக்கம். எல்லாருக்கும் நாலு ஆட்டம், சரிசமம். 2022ல் நாலாவதாக வந்த குயின்ஸ் பார்க், டன்ஃபர்ம்லைனைக் கவிழ்த்து, ஏர்ட்ரியையும் தாண்டி மேலே வந்தது. அடுத்த வருஷமே கடைசி நாள் வரை கோப்பைக்கு நின்றதைத்தான் பார்த்தோம். மேல் அடுக்கிலும் இதே ஏற்பாட்டை வைத்தால் என்ன என்று கேட்டால், 12 பிரீமியர்ஷிப் கிளப்பும் வேறு பேச்சுக்குப் போய்விடும்.

கோல்கிக்: முதலிடம் வந்தும் மேலே விடாமல் தடுத்ததுண்டா?

உண்டு. 2003ல் ஃபால்கர்க் அப்போதைய முதல் டிவிஷனை ஜெயித்தது. மேல் லீக்கில் ஆட 10,000 இருக்கை வேணும் என்பது அன்றைய விதி. பழைய பிராக்வில் மைதானத்தில் அது இல்லை. ஃபால்கர்க் கீழேயே நின்றது, கடைசி இடத்து மதர்வெல் தப்பித்தது. மறு வருஷம் இன்வர்னஸ் ஜெயித்தபோது அபர்டீனின் பிட்டோட்ரியைப் பகிர்ந்துகொண்டு மேலே போனது. பிறகு எண்ணிக்கையை 6,000 ஆகக் குறைத்தார்கள்.

இப்போதைய தலைவலி தரை. 2026-27 முதல் பிரீமியர்ஷிப்பில் செயற்கைப் புல் கூடாது என்று 2024ல் கிளப்புகள் வாக்களித்தன. சாம்பியன்ஷிப்பிலோ ரெய்த், ஏர்ட்ரி போன்ற கிளப்புகள் செயற்கைப் புல்லில் ஆடிப் பழகியவை. குளிரில் ஆட்டம் தள்ளிப்போகாது, வார நாட்களில் வாடகைக்கு விடலாம், அதனால்தான் போட்டார்கள். மேலே போகிற நினைப்பு இருந்தால் அந்த வாடகை வருமானம் போவதையும், இயற்கைப் புல்லைப் பராமரிக்கும் செலவையும் பட்ஜெட்டில் இப்போதே எழுதியாகணும்.

சும்மாபார்ப்பவன்: கடைசிக் கேள்வி அண்ணா. ரொம்ப வேகமா ஏறினா ஆபத்தா?

கிரெட்னாவைப் பாருங்க. 2005, 2006, 2007 என்று மூணு வருஷம் மூணு டிவிஷன் ஜெயித்தது. மூணாவதை டிங்வாலில், இஞ்சுரி டைமில் ஜேம்ஸ் கிரேடி அடித்த கோலில், செயின்ட் ஜான்ஸ்டனை ஒரே புள்ளியில் முந்தி. மேல் லீக்கில் ஆடச் சொந்த மைதானம் தேறவில்லை, மதர்வெல்லின் ஃபர் பார்க்கை வாடகைக்கு எடுத்தார்கள். பணம் எல்லாம் ஒரே ஆளின் கையிலிருந்து வந்தது. அவர் உடல்நலம் கெட்டதும் குழாய் நின்றது. 2008ல் கிளப்பே இல்லை.

ஃபால்கர்க் 2024ல் லீக் ஒன்னை ஒரு தோல்விகூட இல்லாமல் முடித்து, 2025ல் சாம்பியன்ஷிப்பையும் எடுத்தது. அதுவும் வேகம்தான். ஆனால் பயிற்சியாளர் ஜான் மெக்ளின் ரெண்டு சீசனிலும் பெரும்பாலும் ஒரே ஆட்களை வைத்து ஏறினார். அடுத்த தடவை ஒரு டீம் வேகமாக ஏறுவதைப் பார்த்தால், கையெழுத்துப் போட்ட புது ஆட்கள் எத்தனை பேர், மைதானம் யாருடையது, இந்த ரெண்டை மட்டும் விசாரித்துப் பாருங்கள் தம்பி.