கண்ணன் முகம் கோணிப்போச்சு, மறுபடி தொடலாமா?

கேள்வி: எனக்கு 52 வயது. டோம்பிவிலியில் இருக்கிறேன். பையன் வேலைக்குப் புனே போனதும் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. போன வருடம் ஜூலையில் இரண்டு நாள் தஞ்சாவூர் ஓவிய வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். துணி ஒட்டி, வெள்ளை பூசி, படமும் வரைந்து தயாராக வைத்திருந்த பலகையைக் கொடுத்தார்கள். அழகாக வந்தது. அந்தத் தைரியத்தில் ஆன்லைனில் ஒரு கிட் வாங்கி, 12க்கு 15 அங்குலத்தில் வெண்ணெய்த்தாழிக் கண்ணனை முதலிலிருந்து நானே செய்தேன். நகையெல்லாம் மேடாகத் தெரியப் பூசும் மக்கு காயவே இல்லை. ஹேர் டிரையர் காட்டினேன், விரிசல் விட்டது. பலகையும் வளைந்துவிட்டது. கண் ஒன்று மேலே, ஒன்று கீழே. நாத்தனார் அதைப் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட, ‘கண்ணனா, கம்சனா?’ என்று ஒரே சிரிப்பு. ‘இதெல்லாம் உங்க மதராஸ் கலை, எங்களுக்கு என்ன தெரியும்’ என்று பக்கத்து வீட்டு மராத்திக்காரம்மா நழுவிவிட்டார். கொஞ்ச நாளில், மேலே ஒட்டிய மெல்லிய தகடான தங்க ரேக்கும் ஆங்காங்கே பச்சை பூத்துவிட்டது. பீரோவுக்குப் பின்னால் தள்ளி வைத்துவிட்டேன். ஆனாலும் கை குறுகுறுக்கிறது. ‘மறுபடி தண்டச்செலவா?’ என்கிறார் கணவர். எனக்கு இது வராதா? சாமி படத்தை இப்படிப் போட்டு வைப்பது பாவமா? இந்த நவராத்திரிக்குள் ஒன்று முடித்துக் கொலுவில் வைக்க ஆசை. அதே வகுப்பில் திரும்பவும் சேரட்டுமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, டோம்பிவிலி

பதில்: ‘கண்ணனா, கம்சனா’ என்று கேட்டவருக்கு வாய்க்கொழுப்பு இருந்தாலும் நகைச்சுவை இருக்கிறது. எனக்கும் சிரிப்பு வந்தது, கோபித்துக்கொள்ளாதீர்கள். சிரித்து முடித்துவிட்டுக் கடிதத்தை மறுபடி படித்தேன். என்னென்ன கெட்டுப்போனது என்று வரிசையாகச் சொல்லியிருக்கிறீர்கள்: விரிசல், வளைவு, பச்சை, கோணல் கண். இதில் முதல் மூன்றுக்கும் உங்களுக்குக் கலை வருமா வராதா என்பதற்கும் சம்பந்தமே இல்லை. கண் மட்டும் உங்கள் கணக்கு. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

மும்பைப் பக்கம் ஆண்டிலேயே அதிக மழை கொட்டுவது ஜூலையில்தான். துவைத்த துண்டே இரண்டு நாள் ஈரவாடை அடிக்கும் மாதத்தில் மக்கு எப்படிக் காயும்? மக்கு என்பது சாக் பவுடரும் பசையும் சேர்ந்த கலவை. உள்ளே இருக்கும் தண்ணீர் மெதுவாக வெளியேறினால்தான் மேலும் கீழும் ஒன்றாக இறுகும். ஹேர் டிரையர் காட்டியதும் மேல்தோல் மட்டும் காய்ந்து சுருங்கியது. அடியில் ஈரம் அப்படியே இருந்தது. இழுபட்ட மேல்தோல் வெடித்தது. வடாம் பிழிய வெயில் பார்க்கிறவர்கள் நீங்கள். ஆடி மாதத்து மூட்டத்தில் யாராவது வடாம் போடுவார்களா? மக்குக்கும் அதே பஞ்சாங்கம்தான்.

அதிலும் ஒரே தடவையில் கனமாக வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். புதிதாகச் செய்கிறவர்கள் எல்லோருக்கும் அந்த ஆசை வரும், தாழியும் நகையும் எழும்பித் தெரிய வேண்டுமே. மெல்லியதாக ஒரு பூச்சு, அது நன்றாகக் காய்ந்த பிறகு அதன்மேல் இன்னொன்று என்று போக வேண்டும். காற்றாடியைக்கூட நேராக அதன்மேல் வைக்காதீர்கள்.

பலகைக்கு வருவோம். கிட்டில் வருவது பெரும்பாலும் மெல்லிய பிளைவுட். ஒரு பக்கம் மட்டும் துணி, பசை, வெள்ளைப் பூச்சு என்று ஈரம் ஏற்றினால், காயும்போது அந்தப் பக்கம் சுருங்கிப் பலகையை இழுக்கும். பழைய நாளில் பலா மரப் பலகையில் செய்தார்கள். நமக்கு அது வேண்டாம். வீட்டுப் பக்கத்து பிளைவுட் கடையில் மரைன் பிளை வெட்டியது போக மிஞ்சிய துண்டு கிடக்கும், கேட்டு வாங்குங்கள். சின்னப் படத்துக்கு 6 மில்லிமீட்டர் கனம் போதும். பின்பக்கமும் ஒரு கை பூச்சு கொடுத்துவிடுங்கள், இரண்டு பக்கமும் சமமாக இழுத்தால் பலகை நேராக நிற்கும்.

அப்புறம் அந்தப் பச்சை. அதைப் படித்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. உங்களுக்கு வந்தது தங்க ரேக்கே இல்லை. 22 கேரட் என்றால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்றரைக்கு மேல் தங்கம், அது பச்சை பூக்காது. ஈரக்காற்றில் பச்சை படர்வது செம்பும் பித்தளையும்தான். பெட்டியை எடுத்துப் பாருங்கள், ‘கோல்டு ஃபாயில்’ என்று இருக்கும், ‘22 கேரட்’ என்று எங்கும் இருக்காது. கற்றுக்கொள்ள அந்தப் பித்தளை ரேக்கு மோசமில்லை. ஒட்டி முடித்ததும் மேலே வார்னிஷ் ஒரு பூச்சு கொடுத்துவிட்டால் தாங்கும். அசல் தங்கத்துக்கு இப்போது பணம் போடாதீர்கள். மக்கு ஒன்றிரண்டு பலகையில் விரிசலில்லாமல் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பழைய பலகையை என்ன செய்வது? பாவம் புண்ணியமெல்லாம் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். பூஜையில் வைத்த படமில்லை, நீங்கள் பழகிய பலகை. பீரோவுக்குப் பின்னாலிருந்து எடுத்து, வெளிச்சத்தில் வைத்து, விரிசல் ஓரத்தை நகத்தால் கீறிப் பாருங்கள். மாவாக உதிர்ந்தால் பசை போதவில்லை. சில்லுச் சில்லாகப் பெயர்ந்தால் அடிப்பூச்சில் பிடிக்கவில்லை, அதைச் சரியாக உப்புத்தாள் போட்டுத் துடைக்காமல் விட்டிருக்கலாம். நாலு புத்தகம் படித்தாலும் கிடைக்காத பாடம் அந்தப் பலகையில் இருக்கிறது. கற்களை மெதுவாகப் பெயர்த்து எடுத்து ஈரத்துணியால் துடைத்து வையுங்கள், அடுத்ததற்கு ஆகும். தண்ணீரில் ஊறப்போடாதீர்கள், பின்பக்கப் பூச்சு உரிந்து கல் மங்கிவிடும். கல் போதவில்லை என்றால் புலேஷ்வர் கடைத்தெருவுக்கு ஒரு நடை போய் வாருங்கள். கூட்டம் மூச்சு முட்டும், ஆனால் குந்தன் கல் சில்லறையாகவே கிடைக்கும்.

கணவரிடம் ‘கிட் வாங்கப் போவதில்லை’ என்று முதலில் சொல்லிவிடுங்கள். துண்டு பிளை, சாக் பவுடர், பசை, பழைய வேட்டித் துணி, பழைய கற்கள். செலவு என்று பெரிதாக ஒன்றுமில்லை. அதற்கு மேலும் முனகினால் முனகட்டும்.

பக்கத்து வீட்டம்மாவுக்கு ஒரு தகவல் சொல்லுங்கள். தஞ்சாவூரை ஆண்ட போன்ஸ்லேக்கள் மராத்தியர்கள். சத்ரபதி சிவாஜிக்குத் தந்தை வழியில் மட்டும் தம்பியான, அதாவது வேறு தாய்க்குப் பிறந்த ஏகோஜி, 1670களில் அங்கே போய் அரியணை ஏறினார். 1798 முதல் 1832 வரை அரசராக இருந்த இரண்டாம் சரபோஜி காலத்தில் இந்த ஓவியம் செழித்து வளர்ந்தது. ‘மதராஸ் கலை’ என்று அவர் நழுவ முடியாது, அவருக்கும் பங்கு உண்டு. அடுத்த பலகைக்கு உப்புத்தாள் போடக் கூப்பிட்டுப் பாருங்களேன்.

சரி, கண். வகுப்பில் முகத்தை அவர்களே வரைந்து கொடுத்துவிட்டார்கள். நீங்கள் நிறம் மட்டும் தீட்டினீர்கள். அதனால்தான் அங்கே வந்தது வீட்டில் வரவில்லை. உங்கள் அளவுப் படத்தில் கண்ணன் முகம் இரண்டு மூன்று அங்குலம் இருந்தால் அதிகம். அதற்குள் இரண்டு கண்ணையும் ஒரே கோட்டில் உட்காரவைப்பது பழகிய கைக்கே சவால். அது பயிற்சியில் வருவது, வேறு வழி கிடையாது. இந்த மழைக்காலம் முழுக்கப் பலகையைத் தொடாதீர்கள். தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கம் முகம் வரையுங்கள். நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு, கண்ணுக்குக் குறுக்கே ஒரு கோடு, அதற்கப்புறம்தான் கண். வரைந்ததைக் கண்ணாடியில் காட்டிப் பாருங்கள், நேரில் தெரியாத கோணல் அதில் பளிச்சென்று தெரியும். பலகைக்குப் போகும்போது டிரேசிங் தாளைத் தூக்கி எறியாமல், மூலைகளில் அடையாளம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். மக்கும் ரேக்கும் முடிவதற்குள் முதலில் போட்ட கோடுகள் அழிந்துபோகும். அப்போது பலர் குத்துமதிப்பாகக் கண்ணை வைக்கிறார்கள். நீங்களும் அதைத்தான் செய்திருப்பீர்கள். அதே தாளை அதே அடையாளத்தில் வைத்து முகத்தை மறுபடி பதித்துக்கொள்ளுங்கள். கண் திறப்பதைக் கடைசி வேலையாக, காலை வெளிச்சத்தில் செய்யுங்கள். சமையல் முடித்த அவசரத்தில் வேண்டாம்.

இந்த வருடக் கொலுவுக்கா? முடியாது, சகோதரி. நவராத்திரி வரும்போதுதான் மும்பையில் மழை விடைபெறும். பலகை வேலையை நவம்பரில் ஆரம்பியுங்கள், பிப்ரவரி வரை காற்று உங்களுக்குச் சாதகம். முதலில் கண்ணன் வேண்டாம். 6க்கு 8 அங்குலத்தில் சங்கு, சக்கரம், திருமண். முகமே கிடையாது, முழுக்க மக்கும் ரேக்கும் கல்லும்தான். கண்ணைத் தவிர உங்களுக்குத் தடுமாறிய இடங்களெல்லாம் அதில் இருக்கின்றன, தப்பினாலும் ஒரு சின்னத் துண்டுப் பலகையோடு போகும். அது சரியாக வந்தால் அடுத்து கண்ணன். அடுத்த வருடக் கொலுவுக்கு நேரம் தாராளம். முடியும் வரை நாத்தனாரைப் போனோடு அந்த அறைக்குள் விடாதீர்கள்.

அதே வகுப்பா என்றால், பணம் கட்டும் முன் ஒன்று கேளுங்கள்: ‘துணி ஒட்டுவதிலிருந்து மக்கு பிசைவது வரை நாங்களே செய்வோமா, முகத்தை நாங்களே வரைவோமா?’ ஆமாம் என்றால் சேருங்கள். தயார் பலகைதான் தருவோம் என்றால் அது உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த வேலை, அந்தப் பணத்தில் நல்ல தூரிகை இரண்டு வாங்குங்கள். ஒன்று ஜீரோ நம்பர், ஒன்று டபுள் ஜீரோ.