மாதக் கடைசியில் மரத்துப்போகும் கை

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து ஆபீசில் கிராணியாக (எழுத்தராக) இருக்கிறேன், வயது 36. சம்பளக் கணக்குப் போடும் நாட்களில் வலது மணிக்கட்டு வலிக்கிறது. ராத்திரி கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப்போய் எழுப்பிவிடுகின்றன, உதறினால் சரியாகிறது. கோயோக் (வலிநிவாரணப் பட்டி) ஒட்டியும் பயனில்லை. அம்மா வாயு என்கிறார். விலை கூடிய கீபோர்டு வாங்கினால் தீருமா?

பதில்: வாயு இல்லை, சகோதரி. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் மணிக்கட்டுக்குள் ஒரு நரம்பு நெரிபடுவது போல இருக்கிறது, கார்பல் டன்னல் என்பார்கள். எலும்புக்கும் கெட்டியான நார்ப்பட்டைக்கும் நடுவே ஒரு குறுகலான சந்து, அதற்குள் ஒன்பது தசைநாண்களும் அந்த நரம்பும் நெருக்கியடித்துப் போகின்றன. மணிக்கட்டு மடங்கியே இருந்தால் உள்ளே அழுத்தம் ஏறும். ஆனால் கணினி ஒன்றின் மேல் மட்டும் பழியைப் போட மாட்டேன். இனிப்புநீர் (நீரிழிவு), தைராய்டு குறைவு, கர்ப்பம் எதுவானாலும் இது வரலாம், அதனால் முதலில் கிளினிக்கில் ரத்தம் பார்த்துவிடுங்கள்.

கீபோர்டுக்குக் காசு செலவழிக்காதீர்கள். தோட்டத்து ஆபீசில் நான் பார்த்த பழைய மரமேசைகள் பேரேடு எழுதத்தான் லாயக்கு, கணினிக்கு உயரம் அதிகம். முழங்கை கீபோர்டு மட்டத்துக்கு வரும்வரை நாற்காலியை ஏற்றுங்கள், கால் தொங்கினால் ஏ4 பேப்பர் பெட்டி ஒன்றைக் கீழே போட்டுக்கொள்ளுங்கள், கீபோர்டின் அடியில் இருக்கும் குட்டிக் கால்களை மடக்கிவிடுங்கள். அப்புறம், செக்ரோலில் (தொழிலாளர் வருகை, சம்பளப் பதிவேட்டில்) நீங்கள் அடிப்பது முக்கால்வாசி எண்கள்தானே? எண் கட்டம் வலது ஓரத்தில், மவுஸ் அதற்கும் அப்பால், நாள் முழுக்கக் கை நீட்டியபடியே கிடக்கும். கீபோர்டை இடப்பக்கம் தள்ளி, எண் கட்டம் வலது தோளுக்கு நேரே வரும்படி வையுங்கள். மவுஸை அவ்வப்போது இடக்கைக்கு மாற்றலாம், ஆனால் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள்: எழுதி எழுதி வலக்கை போன ஒருவர் இடக்கையால் எழுதப் பழகியதையும், கொஞ்ச நாளில் அந்தக் கைக்கும் அதே கதி வந்ததையும் ரமஸ்ஸினி என்ற இத்தாலிய மருத்துவர் 1713இலேயே எழுதிவைத்திருக்கிறார்.

உண்மையான வில்லன் மாதக் கடைசி. முப்பது நாள் கணக்கை மூன்று நாளில் அடித்தால் எந்தக் கை தாங்கும்? மண்டோர் (மேற்பார்வையாளர்) கொண்டுவரும் குலைக் கணக்கை அன்றன்றே ஏற்றிவிடுங்கள், துரையிடம் கேட்டால் ஒத்துக்கொள்வார் என்றே நினைக்கிறேன். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து இரண்டு நிமிடம் நடங்கள், அந்த நேரத்தில் கைப்பேசியை நோண்டினால் அது ஓய்வில் சேராது!

ராத்திரி மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை மருந்துக்கடையில் கிடைக்கும், ஆறு வாரம் போட்டுப் பாருங்கள். அழுத்தி உருவிவிடும் இடத்துக்குப் போக வேண்டாம். பகலிலும் மரத்துப்போனால், சட்டைப் பொத்தான் போடத் தடுமாறினால், கட்டைவிரல் அடிச்சதை வற்றினால் ஆறு வாரம் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதை அவரிடம் விவரமாகச் சொல்லிப் பதியச் சொல்லுங்கள். சம்பளத்தில் பிடிக்கிறார்களே சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புக் காப்புறுதி), அது விபத்துக்கு மட்டுமில்லை, வேலையால் வந்த நோய்க்கும் உண்டு.