வருசா வருசம் காஸ் அடிச்சா சரியாகுமா?

கேள்வி: அண்ணை, என்னட்ட 92ஆம் வருசத்து ஜப்பான் கார் ஒண்டு இருக்கு, நிலாவெளியிலயிருந்து டவுனுக்கு ஒவ்வொரு நாளும் ஓடுறன். போன வருசம் சித்திரையில காஸ் அடிச்சன், மார்கழி வரேக்க குளிர் போயிட்டுது. திரும்ப இந்தத் தை மாசம் அடிச்சன், இப்ப கச்சான் காத்து அடிக்கிற நேரம் ஏசியைப் போட்டா வெறும் சூட்டுக் காத்துத்தான். கூட்டாளி ஒருத்தன் காஸ் டின்னும் ஹோஸும் வாங்கி நாங்களே அடிப்பம் எண்டுறான். அடிக்கலாமா?
(நிலாவெளி வாசகர்)

பதில்: தம்பி, ஏசி காஸ் பெற்றோல் மாதிரி எரிஞ்சு முடியிற சாமான் இல்ல. மூடின பைப்புக்குள்ள அதே காஸ்தான் திரும்பத் திரும்பச் சுத்துது. பழைய ரப்பர் ஹோஸாலயும் கொம்ப்ரஸர் சீலாலயும் வருசக்கணக்கில கொஞ்சம் கசியிறது வழமைதான், ஆனா எட்டு மாசத்தில காலியாகுதெண்டா எங்கயோ ஓட்டை இருக்கு, அதைப் பிடிக்காம எத்தினை தரம் அடிச்சாலும் காசு காத்தோட போகும்.

டின்னை விடுங்கோ, முதல்ல பானட்டைத் திறந்து எஞ்சினை ஓட விட்டு ஏசியைப் போடுங்கோ. கொம்ப்ரஸர் முன்பக்கத்துக் கிளட்ச் 'டக்' எண்டு பிடிக்குதா, காஸின்ர சூட்டை வெளிய விடுற கண்டென்சரின்ர ஃபேன் சுத்துதா எண்டு பாருங்கோ. கிளட்ச் பிடிக்காட்டி ஃபியூஸ், ரிலே, வயரைப் பாருங்கோ, அதெல்லாம் சரியெண்டா காஸ் குறைஞ்சு பிரஷர் சுவிட்ச் வெட்டியிருக்கலாம். சில பேர் அந்தச் சுவிட்சை நேரா வயர் போட்டு ஓட விடுறவை, தயவு செய்து அதைச் செய்யாதீங்கோ, கொம்ப்ரஸருக்கு ஒயிலைக் கொண்டு வாறதே அந்தக் காஸ்தான், காஸ் இல்லாம சுத்தினா கொம்ப்ரஸர் இறுகிப் போகும்.

ஓட்டையைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. காஸ் வெளிய வரேக்க கொஞ்சம் ஒயிலும் சேர்ந்து வரும், அதில தூசி ஒட்டும், அதால பைப் ஜொயின்ட்டிலயோ கண்டென்சர் தகட்டிலயோ கறுத்துப்போன எண்ணெய்ப் பிசுக்கு ஒண்டு தெரிஞ்சா முதல்ல அதைத்தான் சந்தேகப்படோணும். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் கடற்கரையோரம் நிக்கிற காருகளில உப்புக்காத்து கண்டென்சரைத்தான் முதல்ல தின்னும், அலுமினியம் வெள்ளை வெள்ளையாப் பூத்துக் கிடக்கும், ரேடியேட்டருக்கு முன்னால டோர்ச் அடிச்சுப் பாருங்கோ. காஸ் அடிக்கிற ரெண்டு வால்வுக்கும் சின்ன மூடி இருக்கோணும், என்னட்ட வாற பழைய காருகளில முக்கால்வாசிக்கு அது இல்ல. மூடி இல்லாத வால்வில சோப்புத் தண்ணி ஒரு சொட்டு விட்டுப் பாருங்கோ, மெல்ல மெல்லக் குமிழ் ஊதினா சைக்கிள் டியூப் வால்வு மாதிரி உள்ள ஒரு ஊசி இருக்கு, அதை மாத்தினாலே சரி. டாஷ்போர்டுக்கு உள்ள இருக்கிற, குளிர் தாற கொயில் ஓட்டையெண்டா கண்ணுக்குத் தெரியாது, அதுக்கு யூவி லைட்டில மினுங்கிற சாயம் (யூவி டை) போட்டுத்தான் பாக்கோணும்.

இன்னொரு முக்கியமான விசயம், உங்கட காருக்குள்ள இருக்கிறது என்ன காஸ்? 1987 மொன்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு ஓசோனைக் கெடுக்கிற ஆர்12 காஸை நிப்பாட்டிக்கொண்டு வந்து, 90களின்ர நடுப்பகுதிக்குள்ள புதுக் காருகள் 134ஏ எண்ட வேற காஸுக்கு மாறிட்டுது. 92 எண்டா உங்கட கார் பெரும்பாலும் ஆர்12க்குச் செய்ததுதான். வால்வில திருகு மரை வெளிய தெரிஞ்சா ஆர்12, ஒண்டு பெரிசு ஒண்டு சின்னனா 'கிளிக்' எண்டு பூட்டுற மாதிரி இருந்தா 134ஏ, ஆனா அடப்டர் பூட்டி மாத்தியும் இருக்கலாம். பழைய மினரல் ஒயில் 134ஏயோட கலக்காது, கலக்காட்டி கொம்ப்ரஸருக்குத் திரும்பி வராது. அதால 134ஏக்கு மாத்திறதெண்டா பழைய ஒயிலை வடிச்சு எஸ்டர் ஒயில் விட்டு, ஈரத்தை உறிஞ்சிற ட்ரையரையும் ஜொயின்ட்டுகளில இருக்கிற ரப்பர் ஓ-ரிங்குகளையும் மாத்தோணும். காஸும் அதே அளவு இல்ல, ஆர்12 நிறையில 80, 85 வீதம்தான், ஸ்டிக்கரில 700 கிராம் எண்டு இருந்தா 134ஏ 560இலயிருந்து 595 கிராம் வரைக்கும் போதும்.

ஓட்டையை அடைச்சுப்போட்டு அரை மணித்தியாலத்துக்குக் குறையாம பம்பால உள்ளுக் காத்தை உறிஞ்சி வெக்யூம் பண்ணச் சொல்லுங்கோ. வெக்யூமில ஈரம் ஆவியாகி வெளிய போயிடும், பம்பை நிப்பாட்டினாப் பிறகும் முள் அசையாம நிண்டா பெரிய லீக் இல்ல. பிறகு தராசில வச்சு நிறுத்துத்தான் காஸ் விடோணும். எஞ்சின் நிக்கேக்க கேஜ் பாத்து அளவு சொல்லுற ஆக்களை நம்பாதீங்கோ, 30 டிகிரி வெயிலில 134ஏ ஒரு சொட்டுத் திரவமா இருந்தாலும் கிட்டத்தட்ட 97 பிஎஸ்ஐதான் காட்டும், முழுக்க இருந்தாலும் அதேதான்.

இவ்வளவும் செய்த பிறகு கொஞ்சம் குறையுதெண்டு டின்னால அடிக்கிறதெண்டா நீலக் கேஜ், லோ சைட்டில (அழுத்தம் குறைஞ்ச பக்கம்) மட்டும், டின்னை நிமித்திப் பிடிச்சு, கண்ணாடியும் கையுறையும் போட்டு அடியுங்கோ, அந்தத் திரவம் வெளிய வந்தா மைனஸ் 26 டிகிரியில கொதிக்கும், தோலைக் குளிராலயே சுட்டுப்போடும். எஞ்சின் ஓடேக்க ஹை சைட்டில டின்னைப் பூட்டினா டின் வெடிக்கும். சமையல் காஸை அடிச்சாலும் நல்லாக் குளிரும் எண்டு ஆரும் சொன்னா அந்தப் பக்கமே போகாதீங்கோ தம்பி, ஒரு சின்ன லீக் வந்தா பிள்ளைகள் இருக்கிற காருக்குள்ள நெருப்புப் பிடிக்கிற காஸ் நிறையும்.

கேள்வி: கந்தளாயிலயிருந்து வெளிக்கிட்டா இருபது நிமிசம் நல்லாக் குளிருது, பிறகு நிக்குது, கொஞ்சம் ஓஃப் பண்ணிப் போட்டா திரும்பவும் குளிருது. ஏன்?
(கந்தளாய் வாசகி)

பதில்: தங்கச்சி, உள்ள ஈரம் போயிருக்கு. கொயிலுக்குக் காஸை அளந்து விடுற எக்ஸ்பான்ஷன் வால்வின்ர சின்ன ஓட்டையில அது ஐஸாக் கட்டி அடைக்குது, ஓஃப் பண்ண உருகுது. ட்ரையரை மாத்தி நல்லா வெக்யூம் பண்ணோணும். காத்து வாறதே குறைஞ்சு குறைஞ்சு நிண்டா அது வேற, உள்ளுக் கொயிலில ஐஸ் பிடிக்குது, தெர்மோஸ்டட்டைப் பாக்கச் சொல்லுங்கோ.

கேள்வி: ஏசி போட்டா முன் சீட்டில இருக்கிறவர்ர காலடியில தண்ணி தேங்குது.
(கிண்ணியா வாசகர்)

பதில்: வடிகால் ஹோஸ் அடைபட்டிருக்கும், காருக்கு அடியில போய் மெல்லிய வயரால அடைப்பை எடுத்துவிடுங்கோ, கொயிலைக் குத்தாம மெதுவா. முதல்ல தண்ணியை விரலில தொட்டுப் பாருங்கோ, பிசுபிசுப்பும் நிறமும் இருந்தா அது ஏசித் தண்ணி இல்ல, காருக்குள்ள சூடு தாற ஹீட்டர் கோர் உடைஞ்சு ரேடியேட்டர் தண்ணி வருது, அப்பிடியெண்டா கராஜுக்குக் கொண்டு போற வரைக்கும் சூட்டு முள்ளில ஒரு கண் வச்சு ஓடுங்கோ.